ஒரு கிரேக்கச் சொல்லின் போக்குவரத்து

எனக்கு 19 வயது இருக்கும்போது எங்கள் ஊர் வாலிபர் கூட்டத்தில் முதல்முறையாகப் பேசக் கூப்பிட்டார்கள். கல்லூரியில் இங்கிலீஷ் இலக்கியம் படித்துக்கொண்டிருந்த திமிர். தமிழ் வேதப்புத்தகத்தைத் தொடவே இல்லை. தாத்தாவின் அலமாரியில் அட்டை உரிந்து கிடந்த கிங் ஜேம்ஸ் பைபிளைத் தூசி தட்டி எடுத்து, முதலாம் பேதுரு நிருபத்தில் (நிருபம் என்றால் கடிதம்) ஒரு வசனத்தைப் பிடித்தேன். ‘பீ யீ ஹோலி இன் ஆல் மேனர் ஆஃப் கான்வர்சேஷன்.’

கான்வர்சேஷன் என்றால் பேச்சு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கெட்ட வார்த்தை, புறணி, டீக்கடை அரட்டை, பொய்ச் சத்தியம் என்று 25 நிமிடம் நாக்கைப் போட்டு வறுத்தெடுத்தேன். பின்வரிசையில் இரண்டு பேர் தூங்கியது தவிர எல்லாம் நன்றாகத்தான் போனது.

வெளியே செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார் ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார். குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சத்தமில்லாமல் சொன்னார்: “நல்லாப் பேசுனிய தம்பி. ஆனா பேதுரு அந்த இடத்துல பேச்சைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே. வீட்டுக்குப் போயி நம்ம புஸ்தகத்துல அதே வசனத்தை ஒரு தடவை பாத்துருங்க.”

பார்த்தேன். “உங்களை அழைத்தவர் பரிசுத்தராயிருக்கிறதுபோல, நீங்களும் உங்கள் நடக்கைகளெல்லாவற்றிலேயும் பரிசுத்தராயிருங்கள்.” நடக்கை! பேச்சு எங்கேயும் இல்லை. அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை. அந்த வெட்கத்தில் ஆரம்பித்ததுதான் இந்தச் சொல்லோடு எனக்கு இருக்கும் சகவாசம்.

கிரேக்க மூலத்தில் அங்கே இருப்பது ‘அனஸ்த்ரொஃபே’. புதிய ஏற்பாட்டில் இந்தப் பெயர்ச்சொல் 13 இடங்களில் வருகிறது. அதில் ஆறு முதலாம் பேதுருவில், இரண்டு இரண்டாம் பேதுருவில். மீதி ஐந்தும் கலாத்தியர், எபேசியர், முதலாம் தீமோத்தேயு, எபிரெயர், யாக்கோபு என ஆளுக்கு ஒன்று. ஆக, இது கிட்டத்தட்ட பேதுருவின் பெயரில் உள்ள நிருபங்களின் செல்லச்சொல். (அவற்றைப் பேதுருவே எழுதினாரா என்று அறிஞர்களிடையே பழைய வழக்கு ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. நான் அதில் சாட்சி சொல்லப் போவதில்லை.)

1611-இல் வந்த கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பு இந்த 13 இடங்களிலும் கான்வர்சேஷன் என்றே போட்டது. அவர்கள்மேல் தப்பில்லை. லத்தீன் பைபிளில் அங்கே ‘கொன்வெர்சாத்தியோ’ என்று இருந்தது. ஒருவரோடு ஒருவர் திரும்பித் திரும்பிப் பழகுவது, கூடி வாழ்வது என்று பொருள். இங்கிலீஷிலும் முதலில் அப்படித்தான் புழங்கியது. கூடிப் பழகுகிற இடத்தில் பேச்சுதானே அதிகம்? பழக்கம் மெல்ல மெல்லச் சுருங்கிப் பேச்சாகிவிட்டது. பழைய பொருள் கடைசியாக ஒட்டிக்கொண்டிருந்த இடம் இங்கிலாந்தின் நீதிமன்றம். தன் மனைவியோடு கள்ளத்தொடர்பு வைத்தவன்மேல் கணவன் நஷ்டஈடு கேட்டுப் போடும் வழக்குக்கு ‘கிரிமினல் கான்வர்சேஷன்’ என்று பெயர். 1857-இல்தான் அதை ஒழித்தார்கள். என்னைப்போல் ஒருவன் அந்தக் காலத்துச் செய்தித்தாளைப் படித்திருந்தால், பேசியதற்கா இவ்வளவு அபராதம் என்று வாயைப் பிளந்திருப்பான்.

இந்தக் கூத்தின் உச்சம் முதலாம் பேதுரு 3:1. கிறிஸ்தவளாகிவிட்ட மனைவி, ஆகாத கணவன். அவனை எப்படி வெல்வது? கிங் ஜேம்ஸ் சொல்கிறது: வார்த்தை இல்லாமல், மனைவியின் கான்வர்சேஷனால். இன்றைய இங்கிலீஷில் படித்தால், பேசாமல் பேசி ஜெயிக்கச் சொல்கிறது வேதம்! 1881-இல் திருத்திய புதிய ஏற்பாடு வந்தபோது இந்த இடத்தை நடத்தை என்று பொருள்படும் சொல்லால் மாற்றினார்கள். 1871-இல் முழுமையாக வெளிவந்த, பவர் என்ற மிஷனரியின் தலைமையில் ஒரு குழு மொழிபெயர்த்த தமிழ் பைபிளுக்கு அந்தச் சிக்கலே இல்லை. “போதனையின்றி, மனைவிகளின் நடக்கையினாலேயே ஆதாயப்படுத்திக்கொள்ளப்படுவார்கள்” என்று நேராகச் சொல்லிவிட்டது. நம்மிடம் சரியான புத்தகம் இருக்கும்போது நான் தாத்தாவின் அலமாரியை நோண்டியிருக்கிறேன்.

சரி, சொல்லுக்குள் என்ன இருக்கிறது?

‘அனா’ என்றால் திரும்ப, மேலே, மறுபடி. ‘ஸ்த்ரெஃபோ’ என்றால் திருப்பு. ஆக அடிப்பொருள் திரும்புதல். கிரேக்க நாடகத்தில் பாடகர் குழு ஒரு பக்கமாகத் திரும்பிப் பாடும் பகுதி ‘ஸ்த்ரொஃபே’. முன்னொட்டை மாற்றிக் ‘கத’ போட்டால் ‘கதஸ்த்ரொஃபே’, கவிழ்தல். இங்கிலீஷில் பேரழிவைச் சொல்லும் கேட்டஸ்ட்ரஃபி அதிலிருந்து வந்ததுதான். அதுவும் புதிய ஏற்பாட்டில் உண்டு. வெறும் வாக்குவாதம் “கேட்கிறவர்களைக் கவிழ்த்துப்போடுகிறதற்கேதுவான” காரியம் என்று இரண்டாம் தீமோத்தேயு 2:14 சொல்லுமிடத்தில் வருகிறது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் கவிழ்த்தல் என்ற வேரை அப்படியே பிடித்திருப்பதைப் பாருங்கள். நடத்தையும் பேரழிவும் கிரேக்கத்தில் பங்காளி வீட்டுப் பிள்ளைகள்.

வினைச்சொல்லாக ‘அனஸ்த்ரெஃபோ’ சில இடங்களில் சாதாரணமாகத் திரும்பி வருவதைக் குறிக்கும். அப்போஸ்தலர் 5:22-இல் சேவகர்கள் சிறைச்சாலைக்குப் போகிறார்கள், உள்ளே ஆளைக் காணோம், “திரும்பிவந்து” அறிவிக்கிறார்கள். அந்தத் திரும்பிவருதல் இதே வினைதான். ஒழுக்கமும் இல்லை, பரிசுத்தமும் இல்லை. போன கால் வெறுமே திரும்புகிறது. அதே வினை வேறொரு வடிவத்தில், ஓரிடத்தில் அங்கும் இங்குமாக நடமாடுவது, அங்கேயே வாழ்வது, நாலு பேர் மத்தியில் நடந்துகொள்வது என்று விரிகிறது. வீட்டிலிருந்து சந்தைக்கு, சந்தையிலிருந்து வீட்டுக்கு, நடுவில் கோயில், குளிப்பறை, வழக்கு மன்றம். ஒரு மனிதன் தினம் இப்படிப் போய்த் திரும்பும் தடம்தான் அவன் நடத்தை.

யூதர்கள் எபிரெய வேதத்தைக் கிரேக்கத்துக்குக் கொண்டுவந்தபோது இந்த வினை அவர்களுக்கு வசதியாக இருந்தது. எபிரெயத்தில் வாழ்க்கை என்பதே நடைதான். ‘ஹாலக்’ என்றால் நட. யூதரின் நெறிமுறைச் சட்டத்துக்கே ‘ஹலாகா’ என்று பெயர். நீதிமொழிகள் 20:7 தமிழில் “நீதிமான் தன் உத்தமத்திலே நடக்கிறான்” என்று இருக்கிறது. எபிரெயத்தில் அது சும்மா நடப்பது அல்ல, அங்குமிங்கும் நடந்து திரிவது. கிரேக்க மொழிபெயர்ப்பில் அந்த இடத்தில் ‘அனஸ்த்ரெஃபெத்தாய்’ என்று நம் சொல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. பவுல் பெரும்பாலும் ‘பெரிபதெயோ’ என்று, நடத்தலுக்கான நேரடிச் சொல்லையே பயன்படுத்துகிறார். முதலாம் பேதுரு நிருபத்தில் அந்தச் சொல் ஒரே ஒரு முறைதான் வருகிறது, அதுவும் கெர்ச்சிக்கிற சிங்கம்போல் சுற்றித்திரியும் பிசாசுக்கு.

இது ஏதோ பைபிளுக்கென்று வார்த்த புனிதச் சொல் என்றும் நினைக்க வேண்டாம். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அடோல்ஃப் டைஸ்மன் என்ற ஜெர்மன் அறிஞர் பெர்கமோன் நகரக் கல்வெட்டுகளைப் புதிய ஏற்பாட்டோடு சேர்த்துப் படித்து, அரச அதிகாரிகளைப் புகழும் இடத்தில் இதே வினை வருவதைக் காட்டினார். இன்னார் எல்லாச் சமயங்களிலும் குறைசொல்ல இடமின்றி நடந்துகொண்டார் என்கிற பாணி. நம் ஊரில் பணி நிறைவு விழாவில் வாசிக்கும் பாராட்டு மடல் மாதிரிதான். அதைக் கல்லில் வெட்டினார்கள், நாம் கண்ணாடிச் சட்டம் போடுகிறோம்.

இங்கே எனக்கு நானே ஒரு கடிவாளம் போட்டுக்கொள்ள வேண்டும். வேர்ச்சொல்லைப் பிடித்துக்கொண்டு தத்துவம் பேசுவது பிரசங்கிகளின் பரம்பரை வியாதி. ஜேம்ஸ் பார் என்ற அறிஞர் 1961-இல் இதைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதி நிறையப் பேரின் பிழைப்பில் மண்ணைப் போட்டார். அவர் சொன்னதை நம் பஸ்ஸில் வைத்தே சொல்லலாம். கண்டக்டருக்கு அரசுத் தமிழில் நடத்துநர். அவர் நடக்கிறாரா, நம்மை நடக்க வைக்கிறாரா? யாரும் யோசிப்பதில்லை, சில்லறை கொடுத்தால் போதும். அதுபோல முதல் நூற்றாண்டில் அனஸ்த்ரொஃபே என்று கேட்டவன் காதில் திரும்புதல் என்ற வேர் ஒலித்திருக்கும் என்று அடித்துச் சொல்ல முடியாது. நடத்தை என்று கேட்டுக்கொண்டு போயிருப்பான்.

ஆனாலும் பேதுரு நிருபத்தில் அந்தச் சொல்லுக்கு நாலு பேர் மத்தியில் என்கிற வாசனை இருக்கிறது. அது வேரிலிருந்து வரவில்லை, பக்கத்துச் சொற்களிலிருந்து வருகிறது. 1:17-ஐப் பாருங்கள்: “இங்கே பரதேசிகளாய்ச் சஞ்சரிக்குமளவும் பயத்துடனே நடந்துகொள்ளுங்கள்.” பரதேசம் என்ற இடத்தில் உள்ள சொல் ‘பரொய்கியா’: சொந்த ஊர் உரிமை இல்லாமல் அடுத்தவர் ஊரில் குடியிருப்பது. 2:12-இல் “அவர்களுக்குள்ளே நல்நடக்கையுள்ளவர்களாய்” என்கிறது. அவர்கள் என்றால் புறஜாதியார், சபைக்கு வெளியே உள்ளவர்கள். அதாவது தனியாக மலைமேல் போய் நல்லவனாக இருப்பதைப் பற்றி இந்த நிருபத்துக்கு அக்கறையே இல்லை. உன்னைச் சந்தேகத்தோடு பார்க்கிற பக்கத்து வீட்டுக்காரன் தினம் உன்னைப் பார்க்கிறான்; அவன் கண்முன்னால் நீ எப்படிப் போய் வருகிறாய் என்பதுதான் கேள்வி. அந்தப் பார்வைக்கும் ஒரு தனிச் சொல் போடுகிறது: ‘எபொப்தெயுவோ’, நேரில் கூர்ந்து காண்பது. பழங்கிரேக்கத்தில் எலியூசிஸ் என்ற ஊரில் நடந்த மறைச்சடங்குகளில் உச்சநிலைக்குப் போனவர்களை, கண்டவர்கள் என்ற பொருளில் ‘எபொப்தெஸ்’ என்பார்கள். ஏதோ ரகசியச் சடங்கைப் பார்ப்பதுபோல, 3:1-இல் வந்த அந்த மனைவி காலையில் அடுப்பு மூட்டுவதைக் கணவன் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

அந்த மனைவிக்கு வாயைத் திறக்க ஏன் வழியில்லை என்பதற்கும் காரணம் உண்டு. அதே காலத்தவரான கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க், புதுமணத் தம்பதிக்கு எழுதிய புத்திமதியில், கணவன் நம்பும் தெய்வங்களை மட்டுமே மனைவி கும்பிட வேண்டும், வெளித் தெய்வங்களுக்குக் கதவை அடைத்துவிட வேண்டும் என்கிறார். இந்தப் பெண் ஏற்கெனவே கதவைத் திறந்துவிட்டாள். இனி வாதாடினால் வீடு உடையும். கீழ்ப்படிந்திருங்கள் என்று அதே வசனம் ஆரம்பிப்பதை வைத்து எத்தனை வீடுகளில் எத்தனை பெண்களை வாயடைத்திருக்கிறார்கள் என்று தெரியும். எனக்கு அதில் கசப்பும் உண்டு. ஆனால் அந்த வசனம் போகிறபோக்கில் ஒப்புக்கொள்ளும் இன்னொரு விஷயத்தை யாரும் பிரசங்கிப்பதில்லை. கணவனின் சாமியைக் கும்பிடாத மனைவியை அது திட்டவில்லை.

நிருபம் யாருக்குப் போனது என்பது முதல் வசனத்திலேயே இருக்கிறது: பொந்து, கலாத்தியா, கப்பத்தோக்கியா, ஆசியா, பித்தினியா. இன்றைய துருக்கி. இதே பித்தினியா, பொந்து பகுதிக்குப் பிறகு ரோமானிய ஆளுநராக வந்த பிளினி, கி.பி. 112 வாக்கில் பேரரசன் டிராஜனுக்கு ஒரு கடிதம் எழுதினார். கிறிஸ்தவர்கள் என்று சிலரைப் பிடித்து வருகிறார்கள், இவர்களைப் பெயருக்காகவே தண்டிக்க வேண்டுமா, செய்த குற்றத்துக்காகவா என்று கேட்கிறார். விசாரித்ததில் கிடைத்ததையும் எழுதுகிறார். குறித்த நாளில் விடியுமுன் கூடுகிறார்கள், கிறிஸ்துவைத் தெய்வமாகப் பாடுகிறார்கள், சபதம் செய்கிறார்கள். என்ன சபதம்? சதியா? இல்லை. திருட மாட்டோம், கொள்ளையடிக்க மாட்டோம், விபசாரம் செய்ய மாட்டோம், கொடுத்த வாக்கை மீற மாட்டோம், நம்பி ஒப்படைத்த பொருளைத் திருப்பிக் கேட்கும்போது இல்லையென்று சொல்ல மாட்டோம்.

கடைசியில் இருப்பதைக் கவனியுங்கள். நம்பி ஒப்படைத்த பொருள். பக்கத்து வீட்டுக்காரன் வெளியூர் போகும்போது நகைப்பையைக் கொடுத்துவிட்டுப் போகிறான், வந்து கேட்கிறான், எடுத்துக் கொடுக்கிறாய். அனஸ்த்ரொஃபேக்கு இதைவிடக் கிட்டத்தில் ஒரு படம் கிடைக்காது. உண்மையைக் கறக்க, சபையில் பணிவிடை செய்த இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்ததாகவும், வரம்பு கடந்த மூடநம்பிக்கையைத் தவிர வேறெதையும் காணவில்லை என்றும் பிளினி எழுதுகிறார். நகைப்பையைத் திருப்பிக் கொடுத்தவர்களை என்ன செய்வது என்று தெரியாமல் ஒரு பேரரசின் ஆளுநர் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார்.

இனித் தமிழுக்கு வருகிறேன். நடக்கை, நடத்தை இரண்டும் நட என்பதிலிருந்து வந்தவை, எபிரெயத்துக்கு நெருக்கம். ஒழுக்கம் ஒழுகு என்பதிலிருந்து வந்தது. நீர் ஒழுகுவதுபோல் இடைவிடாத ஒன்று. வள்ளுவர் ஒழுக்கமுடைமை அதிகாரத்தைத் தொடங்கும் குறளை எல்லாரும் ஒப்பிப்போம்; முடிக்கும் குறளை மறந்துவிடுவோம். “உலகத்தோ டொட்ட ஒழுகல் பலகற்றும் கல்லார் அறிவிலா தார்.” உலகத்தோடு ஒழுகத் தெரியாதவன் எவ்வளவு படித்தும் படிக்காதவன்தான். இது அனஸ்த்ரொஃபேக்குப் பக்கத்தில் வருகிறது. ஆனால் இன்றைக்கு ஒழுக்கம் என்றால் பள்ளிக்கூடத்தில் சட்டையை உள்ளே விடுவது, பெண்பிள்ளை என்றால் இருட்டுவதற்குள் வீட்டுக்கு வருவது என்று சிறுத்துவிட்டது. நன்னடத்தைச் சான்றிதழ் என்று ஒரு தாள் இருக்கிறதே, என் வகுப்பில் 40 பேருக்கும் ஒரே வரி. வகுப்பில் பட்டாசு வைத்தவனுக்கும் அதே வரி.

எனக்குப் பிடித்த தமிழ்ச்சொல் வேறு. எங்கள் ஆச்சி வாயில் புழங்கியது. சித்தப்பா வீட்டோடு சுவர்த் தகராறு வந்த வருஷம், கல்யாணப் பத்திரிகையோடு வந்தவர்களிடம் ஆச்சி சொன்னாள்: “அவுகளுக்கும் நமக்கும் இப்பம் போக்குவரத்து இல்ல.” போக்குவரத்து! பஸ்ஸுக்கும் லாரிக்கும் அரசாங்கம் இந்தச் சொல்லை எடுத்துக்கொள்ளுமுன் மனிதர்களுக்கு நடுவில் ஓடிக்கொண்டிருந்த சொல். போவதும் வருவதும். புழக்கம் என்றும் சொல்லலாம். அனஸ்த்ரொஃபேயை வேரோடு பிடுங்கித் தமிழில் நட்டால் அது போக்குவரத்தாகத்தான் முளைக்கும். வேதத்தில் போட முடியாதுதான். ‘உங்கள் போக்குவரத்துகளெல்லாவற்றிலேயும் பரிசுத்தராயிருங்கள்’ என்று வாசித்தால் ஹெல்மெட் ஞாபகம் வரும்.

ஆனால் போக்குவரத்து, புழக்கம் என்ற சொற்களுக்கு எங்கள் பக்கத்தில் ஒரு கறுப்புப் பக்கமும் உண்டு. “அவங்களோட நாங்க புழங்குறதில்ல” என்று ஒருவர் சொன்னால் அது சுவர்த் தகராறு அல்ல என்று கேட்கிற எல்லாருக்கும் தெரியும். தண்ணீர், தட்டு, பந்தி எல்லாம் அந்த ஒரு வினைக்குள் அடங்கும். இதில் பேதுருவே மாட்டியிருக்கிறார். அந்தியோகியாவில் புறஜாதியாரோடு, அதாவது யூதரல்லாதவர்களோடு, ஒன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், யாக்கோபிடமிருந்து ஆட்கள் வந்ததும் “விலகிப் பிரிந்தான்” என்று கலாத்தியர் 2:12-இல் பவுல் போட்டு உடைக்கிறார். பந்தியிலிருந்து எழுந்துபோனவரின் பெயரில்தான், அவர்களுக்குள்ளே நல்நடக்கையுள்ளவர்களாய் இருங்கள் என்ற நிருபமும் இருக்கிறது. அவரே எழுதியிருந்தால், அந்தியோகியாவில் பாதியில் விட்ட சோறு நினைவுக்கு வராமலா இருந்திருக்கும்?

1:18-இல் இன்னொரு கூர்மை. முன்னோர்களால் “பாரம்பரியமாய் நீங்கள் அநுசரித்துவந்த வீணான நடத்தை” என்கிறது. பாரம்பரியமாய் வந்த என்பதற்கு அங்குள்ள கிரேக்கச் சொல்லை, தகப்பன்மார் வழி வந்தது என்று, மற்றவர்கள் பெரும்பாலும் பெருமையாகத்தான் சொல்வார்கள். இந்த ஆள் அதன் தலையில் வீண் என்ற சொல்லைத் தூக்கி வைக்கிறார். புழங்கக்கூடாது என்று அப்பா சொன்னார், தாத்தா சொன்னார் என்பதெல்லாம் இந்த இடத்தில் வாதமாக நிற்காது. எங்கள் ஊரில் இந்த வசனத்தைச் சிலுவையின் இரத்தத்தைப் பற்றிய பிரசங்கத்தில்தான் எடுப்பார்கள். முதல் பாதியை வேகமாக வாசித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

வாத்தியார் இறந்து பல வருஷமாகிறது. அடக்க ஆராதனையில் எபிரெயர் 13:7 வாசித்தார்கள்: “அவர்களுடைய நடக்கையின் முடிவை நன்றாய்ச் சிந்தித்து.” நடக்கை, மறுபடியும் அனஸ்த்ரொஃபே. கிங் ஜேம்ஸில் இதுவும் கான்வர்சேஷனின் முடிவுதான். போனை வைத்துவிட்டார் என்பதுபோல. முடிவு என்ற இடத்தில் உள்ள சொல் ‘எக்பாசிஸ்’. வெளியே போகும் வழி என்பது அதன் நேர்ப்பொருள். புதிய ஏற்பாட்டில் அது இன்னும் ஒரே ஒரு இடத்தில், முதலாம் கொரிந்தியர் 10:13-இல் வருகிறது. அங்கே தமிழ் பைபிள் போட்டிருக்கும் சொல் என்ன தெரியுமா? “தப்பிக்கொள்ளும்படியான போக்கு.” போக்கு! அப்படியென்றால் எபிரெயர் வசனத்தில் இருப்பது போக்குவரத்தின் போக்கு. இனி வரத்து இல்லாத போக்கு.

இதைக் கண்டுபிடித்த அன்று யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டும் என்று இருந்தது. அவரிடம் சொல்லியிருந்தால் குடையை இந்தக் கக்கத்திலிருந்து அந்தக் கக்கத்துக்கு மாற்றிக்கொண்டு, “வார்த்தை விளையாட்டு நல்லாத்தான் இருக்கு தம்பி, பிரசங்கத்துல மட்டும் சொல்லிராதிய” என்றிருப்பார்.